கதவு தட்டாத பயணம்

இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஒரு நாட்டை ஊர் ஊராகக் கடந்துவிட முடியுமா? கேட்பதற்கு வேடிக்கையான கேள்விதான். ஆனால் 2020 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 31 வரை அப்படியோர் ஓட்டம் நடந்து முடிந்தது. அமெரிக்காவின் டெனஸி மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலை வரை 635 மைல், அதாவது ஏறத்தாழ 1,022 கிலோமீற்றர். நெடுந்தூர ஓட்டப் போட்டிகளை நடத்துவதில் பேர்பெற்ற கெரி கன்ட்ரெல் என்பவர் ஒழுங்கு செய்தது அது. ஓடுபவர் டெனஸிக்குப் போகவேண்டியதில்லை. தனது தெருவிலோ முற்றத்திலோ அன்றாடம் ஓடிய தூரத்தைக் கணக்கில் சேர்த்தால் போதும். வரைபடத்தில் அவருக்குரிய புள்ளி ஒவ்வோர் ஊராகத் தாண்டிச் செல்லும். பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

அது கொரோனாவின் காலம். வீட்டுக் கதவுகள் மூடிக்கிடந்தன. ஹஜ்ஜுக்குக்கூட அவ்வருடம் வெளிநாடுகளிலிருந்து எவரும் போகமுடியவில்லை. சவூதி அரேபியாவில் வசித்தவர்களில் மிகச் சிலருக்கே அந்தப் பாக்கியம் கிடைத்தது. அடைபட்டுக் கிடந்த மனிதர் மனத்தாலாவது எங்கேனும் போய்வர விரும்பியதில் ஆச்சரியம் இல்லை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆயினும், கால்கள் ஓரிடத்திலும் ஊர்கள் வேறோரிடத்திலும் இருக்கும் இந்தப் பயணம் ஒழுக்கம் சார்ந்த ஒரு கேள்வியை எழுப்புகிறது என்று எனக்குப் படுகிறது. நாம் கடந்துபோனதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஓர் ஊருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். போகாத ஊரைப் போனதாகச் சொல்வது பொய்யாகாதா? சொல்பவர் என்ன உரிமை கோருகிறார் என்பதைப் பொறுத்தது அது. இப்னு பதூதாவின் பயண நூலில் வொல்கா நதிக்கரையிலிருந்த புல்கார் நகருக்குச் சென்றுவந்ததாக ஒரு பகுதி வருகிறது. அவர் கூறும் நாட்களுக்குள் அத்தூரத்தைப் போய்த் திரும்பியிருக்க முடியாது என்று ஆய்வாளர் பலர் அப்பகுதியை ஏற்பதில்லை. அங்கே பிரச்சினை கற்பனையன்று. கற்பனையைக் கண்கண்ட சாட்சியமாக வைத்ததுதான். முற்றத்தில் ஓடிவிட்டு "நான் முற்றத்தில்தான் ஓடினேன்" என்று ஒப்புக்கொள்பவரிடம் பொய் இல்லை. ஆகவே பொய் என்ற குற்றச்சாட்டை இங்கே தள்ளிவிடலாம். அதைவிடக் கடினமான விடயம் வேறொன்று இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, இவ்வகைப் பயணங்களில் மிக நீண்டதொன்றைச் செய்த ஒரு மனிதரைப் பார்க்கவேண்டும்.

அல்பேர்ட் ஷ்பேர் ஹிட்லரின் கட்டடக் கலைஞர். 1942 பெப்ரவரியிலிருந்து ஆயுத உற்பத்தி அமைச்சர். அடிமை உழைப்பைப் பயன்படுத்தியமைக்காக நூரம்பேர்க் நீதிமன்றம் 1946 ஒக்டோபர் 1 ஆம் திகதி அவருக்கு 20 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. பேர்லினின் ஷ்பாண்டாவ் சிறையில் அவரும் வேறு ஆறு பேரும் அடைக்கப்பட்டார்கள். சிறைத் தோட்டத்தில் நடக்க அனுமதி இருந்தது. 1954 இல் அவருக்கு ஓர் யோசனை பிறந்தது. தோட்டத்தைச் சுற்றிவரும் பாதையை அளந்தார். ஒரு சுற்று 270 மீற்றர். பேர்லினிலிருந்து தன் குடும்பம் வாழ்ந்த ஹைடல்பேர்க் நகருக்கு 626 கிலோமீற்றர். அத்தனை தூரத்தையும் தோட்டத்துக்குள்ளேயே நடந்து முடிப்பது என்று தீர்மானித்தார். சுற்றுகளை எண்ணுவதற்கு விதைகளை ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பைக்கு மாற்றும் உபாயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் சக கைதி ருடொல்ஃப் ஹெஸ்.

1955 மார்ச் 19 ஆம் திகதி, தனது ஐம்பதாவது பிறந்தநாளில், அவர் ஹைடல்பேர்க்கை 'அடைந்தார்'. அத்தோடு நிற்கவில்லை. பால்கன் நாடுகள், இஸ்தான்புல், ஆசியாவின் குறுக்கே பீக்கிங், பிறகு சைபீரியா, பேரிங் நீரிணை, அலாஸ்கா, அமெரிக்காவின் மேற்குக்கரை என்று நடை நீண்டது. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் நூல்களும் வரைபடங்களும் தருவித்து வாசித்தார். நிலத்தோற்றம், காலநிலை, கட்டடங்கள் யாவற்றையும் மனத்தில் எழுப்பிக்கொண்டு நடந்தார். 1966 செப்டெம்பர் 30 நள்ளிரவில் விடுதலையானபோது கணக்கு 31,936 கிலோமீற்றர். மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகருக்குத் தெற்கே 35 கிலோமீற்றரில் நின்றிருந்தார். தன்னை அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும்படி நண்பர் ஒருவருக்குத் தந்தியும் அனுப்பினார். 1975 இல் வெளிவந்த அவரது சிறை நாட்குறிப்பில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன.

இந்த வரலாற்றை முதன்முதல் வாசிப்பவருக்கு வியப்பே மேலிடும். மனிதனின் மன உறுதிக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த வரைபடத்தை இன்னொருமுறை விரித்துப் பார்ப்போம்.

பேர்லினுக்கும் ஹைடல்பேர்க்கிற்கும் இடையே நேர்கோடு ஒன்றை இழுத்து, நடுவழியில் சற்று மேற்கே விலகினால் ஹார்ஸ் மலையடிவாரத்தில் நோர்ட்ஹவுசன் என்ற ஊர் வரும். அதன் அருகேதான் டோரா முகாம் இருந்தது. மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் ரொக்கெட் செய்வதற்காக அங்கே ஏறத்தாழ 60,000 கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். ஷ்பேர் அமைச்சராக இருந்தபோது 1943 டிசெம்பர் 10 ஆம் திகதி அச்சுரங்கங்களுக்கு நேரில் போயிருக்கிறார். ஹைடல்பேர்க் வேறு என்ன? அங்கு வாழ்ந்த யூதர்கள் உட்பட பாடன் பிரதேசத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் இருந்து 6,000 பேருக்கு மேல் 1940 ஒக்டோபர் 22 ஆம் திகதி வாக்கில் பிரான்ஸின் கூர்ஸ் முகாமுக்கு ஏற்றப்பட்டார்கள். பயணம் புறப்பட்ட பேர்லினிலோ, நகரை மாற்றிக்கட்டும் பொறுப்பு ஷ்பேரிடம் இருந்த காலத்தில் அவருடைய அலுவலகமே யூதக் குடும்பங்களை அவர்களது வீடுகளிலிருந்து வெளியேற்றியது.

புறப்பட்ட ஊரிலும் போய்ச்சேர்ந்த ஊரிலும் இடைவழியிலும் அவரை நிறுத்திக் கேள்வி கேட்க உரிமை பெற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் தோட்டத்தில் எழுப்பிய ஊர் அவருடைய சொந்தச் சிருஷ்டி. அங்கே அவர் விரும்பியவை மட்டுமே தோன்றும். எந்தக் கதவும் தானாகத் திறந்து "நில்லும்" என்று சொல்லாது.

அசல் ஊருக்கும் மனத்தில் செய்துகொண்ட ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் கருதுகிறேன். அசல் ஊரால் நம்மை மறுக்க முடியும். வெள்ளிதோறும் நாம் ஓதும் ஸூறத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். பசித்து வந்து உணவு கேட்கிறார்கள். ஊரார் கொடுக்க மறுக்கிறார்கள். அந்த ஊரிலேயே விழப்போகும் நிலையில் நின்ற ஒரு சுவரை ஹிழ்ர் (அலை) கூலி எதுவும் பெறாமல் நிமிர்த்திவிடுகிறார்கள். அச்சுவர் அவ்வூரின் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரியது என்பது பின்னர்தான் தெரியவருகிறது. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அந்த ஊரின் அநாதைக்கு வழிப்போக்கர் கடன்பட்டிருக்கிறார் என்ற பாடத்தை எத்தனையோ தடவை ஓதியும் நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மனத்தால் செய்த ஊரிலோ மறுக்கும் ஊராரும் இல்லை, நாம் எதிர்பாராத அநாதையும் இல்லை.

நமது மார்க்கச் சட்டத்தில் பிரயாணி பற்றி வரும் இடங்களும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கர் ஒருவர். ஊரில் வசதியாக வாழ்ந்தாலும் வழியில் கையறுந்தவர், பிறரின் தயவில் நிற்பவர் என்ற நிலையே அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஷாபிஈ மத்ஹபில் தொழுகையைச் சுருக்குவதற்குத் தூரம் மாத்திரம் போதாது. போகுமிடம் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும், பாவத்திற்கான பயணமாக இருக்கக்கூடாது. எங்கே, எதற்கு என்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவருக்கே பிரயாணி என்ற பெயர். இப்னு பதூதாவையே எடுத்துக்கொள்வோம். 1344 இல் அவர் நமது கரையில் இறங்கி பாவாத மலைக்குப் போக விரும்பியபோது, ஆரியச் சக்கரவர்த்தியிடம் அனுமதி பெற்றார். மன்னர் கொடுத்த பல்லக்கும் வழித்துணையும்தான் அவரை மலைவரை கொண்டுசேர்த்தன. உண்மையான பயணத்தின் பாதித்தூரம் பிறர் கொடுத்த தூரம்.

ஆசிரியர் கலாசாலையில் படிக்கும் காலத்தில் புவியியல் கற்பிக்கும் முறைகளில் ஒன்றாகக் கற்பனைப் பயணத்தை எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மாணவர் படத்தில் ஒரு பாதையை வரைந்துகொண்டு, வழியிலுள்ள ஊர்களைப் பற்றித் தேடி எழுதவேண்டும். இருபது வருடங்களாக நான் இதைச் செய்வித்து வருகிறேன். பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள். ஆறு வரும், பாலம் வரும், மணிக்கூட்டுக் கோபுரம் வரும், என்ன விளைகிறது என்பது வரும். ஆக்கள் வரமாட்டார்கள். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வித்தியாசமாக எழுதியிருந்தான். ஓர் ஊரில் படலையடியில் நின்ற ஒரு வயதான தாய், "மகன், நீங்க எந்த ஊர்? யார்ட புள்ள?" என்று கேட்டாராம். இவன் பதில் சொல்ல, அவர் தேத்தண்ணி கொடுக்க, கதைத்துக்கொண்டிருந்ததில் பொழுதுபட்டுவிட்டதாம். அவன் போகவேண்டிய கடைசி ஊருக்குப் போகவேயில்லை. பயணம் முடியாதபடியால் புள்ளி குறைத்து விடுவேனோ என்று அவனுக்குப் பயம். "சேர், அவங்க கேட்டா சொல்லாம எப்படி வாற?" என்றான். அவனுக்கு நான் முழுப்புள்ளி கொடுத்தேன். ஊர்களைப் பற்றி அறிவதும் ஊருக்கு முகம் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை அவன் தன்பாட்டில் கண்டுகொண்டிருந்தான். ஷ்பேரிடம் அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவர் தருவித்த நூல்களே போதிய சான்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிறைக்கைதி ஒருவன் புத்தி பேதலிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த வழியை இப்படி நிறுத்துப் பார்க்கலாமா? குற்றம் செய்யாமலே சிறையில் வாடுவோர் இருக்கிறார்கள். படுக்கையில் விழுந்த நோயாளிகள் இருக்கிறார்கள். கதவு திறக்காத வீடுகளில் முடங்கிய பெண்கள் இருக்கிறார்கள். மனப்பயணம் அவர்களுக்கெல்லாம் மூச்சுவிடும் ஜன்னல். அதையும் மூடச்சொல்கிறீரா என்று கேட்கலாம்.

நான் மூடச்சொல்லவில்லை. தண்டனை பெற்றவனுக்கும் நடக்க உரிமையுண்டு, நினைக்க உரிமையுண்டு. ஷ்பேர் நடந்தார் என்பதில் எனக்கு முறைப்பாடு கிடையாது. அந்த நடை எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதையே கேட்கிறேன். நூரம்பேர்க்கில் அவர் அரசாங்கத்தில் இருந்தவர் என்ற வகையில் பொதுவான பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதனாலேயே மற்றவர்களைவிடக் கண்ணியமானவர் என்று நீண்டகாலம் பேசப்பட்டார். யூத இன அழிப்பை மட்டும் தான் அறிந்திருக்கவில்லை என்று சாதித்தார். 1943 ஒக்டோபர் 6 ஆம் திகதி அந்த அழிப்பைப் பற்றி ஹிம்லர் வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தான் இருந்ததாக 1971 இல் அவரே எழுதிய கடிதம் ஒன்று, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்து, 2007 இல் வெளியே வந்தது. பொதுவாக எல்லாவற்றுக்கும் பொறுப்பு. குறிப்பாக எதற்கும் இல்லை. எல்லா ஊர்களையும் கடந்து எந்த ஊரிலும் நிற்காத நடைக்கும் இந்த ஒப்புதலுக்கும் ஓர் ஒற்றுமை தெரிகிறது.

தௌபாவின் நிபந்தனைகளை நமக்குச் சிறுவயதிலேயே மத்ரஸாவில் சொல்லித்தருகிறார்கள். பாவத்தை விடவேண்டும், வருந்தவேண்டும், மீளச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளவேண்டும். மனிதர்களின் ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று: உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறவேண்டும். முதல் மூன்றையும் இருந்த இடத்திலேயே செய்யலாம். நான்காவதற்கு எழுந்து போகவேண்டும். ஒரு தெருவுக்கு, ஒரு இலக்கமுள்ள வீட்டுக்கு, பெயருள்ள ஓர் ஆளிடம் போகவேண்டும். அந்த ஆள் கதவைத் திறக்காமலும் விடலாம். 31,936 கிலோமீற்றர் நடந்தும் போய்ச்சேர முடியாத தூரம் அது.

மனப்பயணத்தை அறமாக்கிய ஓர் உதாரணமும் நமது வரலாற்றிலேயே உண்டு. ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாதவர் தன் வீட்டில் ஓர் அறையைத் தூய்மையாக ஒதுக்கி, ஹஜ்ஜுடைய நாட்களில் அதைச் சுற்றிவரலாம் என்று ஹல்லாஜ் எழுதியதாகக் கூறப்பட்டது. 922 இல் பக்தாதில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டபோது எடுத்துக்காட்டப்பட்ட குற்றங்களில் இதுவும் ஒன்று. ஹஜ் குறித்த இடத்திலும் குறித்த நாளிலும் நிறைவேற்றப்பட வேண்டிய கடமை. அறைக்குள் சுற்றுவது அதற்கு ஈடாகாது என்ற உலமாக்களின் தீர்ப்போடு எனக்கு முரண்பாடில்லை. ஆயினும் அவர் சொன்னதாக வரும் செய்தியின் பின்பாதியை நாம் மறந்துவிடுகிறோம். சுற்றி முடிந்ததும் முப்பது அநாதைகளை அழைத்து, தன் கையாலேயே உணவு பரிமாறி, உடுக்கத் துணி கொடுத்து, பணமும் கொடுக்கவேண்டும் என்று அது முடிகிறது. அறைக்குள் தொடங்கிய பயணம் மற்றவர்களின் பசியில் வந்து இறங்குகிறது. மார்க்கத் தீர்ப்பில் அவர் தவறியிருக்கலாம். போகாத பயணம் எங்கே போய் முடியவேண்டும் என்பதில் அவர் தவறவில்லை.

இனி, தாம் விரும்பாமலே மனப்பயணம் போகின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1948 இல் தமது ஊர்களை இழந்த பலஸ்தீனர் வீட்டுச் சாவிகளைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்து வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். புத்தளத்து முகாம்களில் வயதானவர்கள் தம் தெருவைச் சொல்லும்போது கேட்டிருப்பீர்கள். இது இன்னாருடைய வீடு, அடுத்தது தையல்கடை, அதற்கடுத்த வளவில் வேம்பு, அங்கே குடியிருந்த தமிழ் ரீச்சர் எங்கள் மகளுக்குப் பாடம் சொல்லித்தந்தவர் என்று ஒவ்வொரு படலைக்கும் ஓர் ஆள் இருப்பார். ஷ்பேரின் ஊர்களில் கட்டடங்கள் நிறைந்திருந்தன. இவர்களது ஊரில் மனிதர்கள் நிறைந்திருந்தார்கள்.

அந்த அன்பான நினைவும் ஒருநாள் பரீட்சிக்கப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் கூரையில்லாத சுவர்களையும், வளவுக்குள் வளர்ந்த காட்டையும், சில இடங்களில் வேறு குடும்பங்களையும் கண்டார்கள். அந்தக் குடும்பங்களிலும் வேறெங்கோ வீடிழந்து வந்தவர்கள் இருந்தார்கள். மனத்திலிருந்த தெருவில் இவர்களுக்கு இடமிருக்கவில்லை. அசல் தெருவில் இவர்களோடுதான் பேசவேண்டியிருந்தது. சிலர் மனமுடைந்து புத்தளத்துக்கே திரும்பினார்கள். சிலர் அங்கேயே நின்று கதைத்தார்கள், வழக்காடினார்கள், வேலி போட்டார்கள், அயலவரானார்கள். இரண்டாவது வகையினர் செய்ததே கடினமான பயணம் என்று நினைக்கிறேன். இருபது வருடங்கள் மனத்தில் நடந்த நடை அவர்களை அந்தப் படலைவரை கொண்டுபோய் விட்டது. படலையைத் தட்டும் வேலையை அது அவர்களுக்காகச் செய்துதரவில்லை.

ஆகவே வரைபடத்தில் புள்ளியை நகர்த்தி ஓடுகின்றவர்கள் ஓடட்டும். உடம்புக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. டெனஸியைத் தாண்டுபவர் மெம்பிஸ் நகரின் பெயரைப் பார்க்கும்போது, 1968 இல் அங்கே குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கப் போன மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டதை அறிந்துகொள்ளட்டும். அறிந்ததும், தன் தெருவில் குப்பை அள்ளுகின்றவருக்கு என்ன சம்பளம், மழைநாளில் அவர் எங்கே ஒதுங்குகிறார் என்று கேட்கட்டும். அப்போது அந்தத் தூரத்து ஊர் அவரைத் தொட்டுவிட்டது என்று சொல்லலாம்.

பிறர் வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கவேண்டும், மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடவேண்டும் என்பது நமக்குப் படிப்பிக்கப்பட்ட ஒழுக்கம். திரும்பிப் போகச் சொல்லும் உரிமை அந்த வீட்டாருக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே நாம் வாசலில் நிற்கிறோம். நினைவால் போகும் ஊர்களுக்கும் இந்த ஒழுக்கத்தோடு போகப் பழகுவோமானால், இருந்த இடத்திலிருந்து நடக்கும் நடையும் நம்மை எவருடைய வாசலுக்காவது ஆயத்தப்படுத்தும். தட்டவேண்டிய கதவு ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது நடந்து போகக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது.